வாளியில் தேறி, கடலில் தோற்ற லைற்

ஆசிரியர் அவர்கட்கு,

உள்ளூர் உற்பத்திகளைச் சனம் ஏன் வாங்குவதில்லை என்று சென்ற கிழமை உங்கள் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்திருந்தது. இறக்குமதி மோகம், விளம்பரம் போதாது, வங்கிக் கடன் கிடைப்பதில்லை என்று காரணங்கள் அடுக்கியிருந்தார்கள். நான் திருகோணமலையில் என்னோடு சேர்த்து ஐந்து பெண்கள் வேலை செய்யும் ஒரு சின்ன வேலைத்தளம் வைத்திருப்பவள். வலை லைற்றும், தாங்கி நிரம்பியதும் தண்ணீர் மோட்டரைத் தானாக நிறுத்தும் பெட்டியும் செய்து விற்கிறோம். கட்டுரையை வாசித்து முடித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. எனக்குத் தெரிந்த காரணம் அதில் இல்லை. எங்கள் சாமானைச் சனம் வாங்கினது. வாங்கிக் கடலில் போட்டது. அது அணைந்துபோனது. பிறகுதான் வாங்காமல் விட்டது.

கடிதம் நீளும். இடம் காணாவிட்டால் கடைசியில் நான் கேட்டிருப்பதை வெட்டுங்கள், ஆனால் நடுவில் நான் செய்த பிழைகளை வெட்டாதீர்கள்.

வலை லைற் என்றால் என்னவென்று கரையில் பிறக்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பின்னேரம் வலையை விட்டு விடியற்புறம் இழுக்கும் தொழிலில், வலையின் அந்தத்தில் மிதக்கும் கொடிக்கம்பில் ஒரு சின்ன விளக்கைக் கட்டுவார்கள். இருட்டினால் தானாகப் பற்றி விட்டு விட்டு மின்னும். வலை எங்கே கிடக்கிறதென்று சொந்தக்காரருக்குத் தெரியவேண்டும். வேறு போட்டுக்காரர் (படகுக்காரர்) தெரியாமல் மேலே ஏறி எஞ்சின் விசிறியால் அறுத்துவிடாமலும் இருக்கவேண்டும். உள்ளே மூன்று பென்ரோச் பற்றரி, ஒரு எல்.ஈ.டி., கட்டைவிரல் நகமளவு சேர்க்கிற். வெளியே தெளிந்த பிளாஸ்ரிக் குழாய், திருகு மூடி, மூடிக்குள் ஒரு றப்பர் வளையம். இவ்வளவுதான். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை கூடச் செய்துவிடும். செய்வது கஷ்டமில்லை என்பதுதான் இதில் உள்ள பொறி.

2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். இறக்குமதி லைற்றுகள் கடைகளில் காணாமல் போயின, இருந்தவற்றின் விலை கைக்கெட்டவில்லை. வாடைக்காற்று ஓய்ந்து 2023 மார்ச்சில் கடல் அமைதியாகியதும், திருக்கடலூர், சல்லி, குச்சவெளி, மூதூர் என்று நாலு பக்கமிருந்தும் லைற் கேட்டு வந்தார்கள். அப்போது எங்களிடம் இருந்த மொடல் அதுவரைக்கும் ஒரு இருபது பேர் பாவித்தது. இரண்டு கிழமையில் 140 லைற் செய்துவிட்டோம்.

சோதிக்காமல் விற்கவில்லை. பத்து லைற்றை எடுத்து, கல்லுக் கட்டி, கிணற்றடியில் வாளித் தண்ணீரில் தாட்டு விடியும்வரை வைத்தோம். காலையில் துடைத்துத் திறந்தால் பத்தும் உள்ளே பொட்டுத் தண்ணீர் இல்லாமல் காய்ந்தபடி. பிள்ளைகள் கை தட்டினார்கள். நான் கேசரி கிண்டிக் கொடுத்தேன். அன்றைக்கே பெட்டிகளில் '1 வருட உத்தரவாதம்' என்று ஸ்ரிக்கர் ஒட்டினோம். ஏன் ஒரு வருடம் என்று கேட்டால், பக்கத்துக் கடையில் விற்ற சாமான்களில் அப்படித்தான் இருந்தது.

மூன்றாவது கிழமை மூதூரில் இருந்து ஒரு நானா போன் எடுத்தார். "தங்கச்சி, ஒங்கட லைற்ற நம்பி வல போட்டன். நடுச்சாமத்தில கண்ண மூடிட்டு. நாலு துண்டு வல போச்சி." சத்தம் போடவில்லை, ஏசவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. எங்கள் லைற் அப்போது 1,400 ரூபா. அவருடைய வலையின் கணக்கைச் சொன்னார்; அதை எழுத எனக்கு மனமில்லை.

அந்த மாத முடிவில் 31 லைற் திரும்பி வந்துவிட்டது. 140இல் 31, ஐந்தில் ஒன்றைவிடக் கூட. அதோடு கணக்கு முடிந்ததென்று நினைத்தேன். சல்லிக்குப் போனால், மணலில் எங்கள் மூடி கிடக்கிறது. குச்சவெளியில் ஒரு ஐயா, "அது பழுதாப் போச்சு மகள், எறிஞ்சிட்டன், உனக்குச் சொன்னால் நீ கவலைப்படுவாய்" என்கிறார். திரும்பி வந்ததை மட்டும் எண்ணுபவர்களுக்கு இதைச் சொல்லி வைக்கிறேன். ஆயிரத்துச் சொச்ச ரூபாச் சாமானுக்காக முப்பது கிலோமீற்றர் பஸ் ஏறி வந்து முறைப்பாடு செய்வதற்கு ஒருவருக்கும் நேரமில்லை. எறிந்துவிட்டு அடுத்த முறை வேறு லைற் வாங்குவார்கள். அந்த மௌனத்தை நாங்கள் 'முறைப்பாடு இல்லை' என்று எடுத்துக்கொள்கிறோம்.

இனி, வாளியில் தேறியது கடலில் ஏன் தோற்றது என்பது.

எனக்கு அது பிடிபட ஒரு மாதம் சென்றது. திறந்து பார்த்த லைற்றுகள் எல்லாவற்றிலும் உப்புத்தண்ணீர் இருந்தது, ஆனால் கொஞ்சம்தான். ஒரு தேக்கரண்டி, அரைத் தேக்கரண்டி. ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் உடைந்த லைற் என்றால் நிரம்பி இருக்கவேண்டும். ஒரு நாள் என் தம்பியோடு கரையில் நின்று பின்னேரம் போட்டுகள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லைற்றுகள் பகல் முழுக்கப் போட்டின் பைபர் தட்டில் வெயிலில் கிடக்கின்றன. எடுத்தால் கை சுடுகிறது. அந்தச் சூட்டோடு அப்படியே கடலில் விழுகின்றன. அன்றிரவு நித்திரை வரவில்லை.

அடுத்த நாள் ஒரு குழாய்க்குள் வெப்பமானியை வைத்து மூடி மத்தியானம் தகரத்தில் போட்டேன். 61 பாகை காட்டியது. கடல் தண்ணீர் 28 பாகை. 61 பாகையில் மூடிய காற்று 28 பாகைக்குக் குளிர்ந்தால் அதன் அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறையும். ஒரு மீற்றர் ஆழத்தில் தண்ணீர் தரும் அழுத்தமும் அவ்வளவுதான். ஆக, மேலே மிதந்துகொண்டிருக்கும் லைற், உள்ளே இருந்து ஒரு மீற்றர் ஆழத்துக்குச் சமமாகத் தண்ணீரை உறிஞ்சுகிறது. ஒவ்வொரு பின்னேரமும் ஒரு உறிஞ்சல். சூடு ஏறும்போது காற்றை வெளியே விடும், ஆறும்போது தண்ணீரை இழுக்கும். மூச்சு விடுகிற மாதிரி. எங்கள் வாளியும் லைற்றும் ஒரே சூட்டில் இருந்தபடியால் அந்த மூச்சு வாளிக்குத் தெரியவில்லை.

வெளிநாட்டு லைற்றுகளில் 'ஐ.பி. 67' என்று அடித்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். முதல் இலக்கம் தூசுக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 7 என்றால் ஒரு மீற்றர் ஆழத்தில் 30 நிமிடம். அது ஐ.ஈ.சி. 60529 என்ற சர்வதேசத் தரக் கட்டளைப்படி. அந்தக் கட்டளையிலேயே, சோதிக்கும்போது பொருளுக்கும் தண்ணீருக்கும் 5 பாகைக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது, நல்ல தண்ணீரில் செய்யவேண்டும் என்று இருக்கிறது. எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி முடிவு வரவேண்டும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள், அதில் பிழையில்லை. ஆனால் எங்கள் போட்டுக்காரர் செய்வது அதற்கு நேர்மாறு: முப்பது பாகை வித்தியாசம், உப்புத்தண்ணீர், ஒவ்வொரு நாளும். அந்த முத்திரை பொய்யில்லை. அது எங்களுடைய கேள்விக்குப் பதிலும் இல்லை.

இதெல்லாம் எனக்குத் தெரியாத விசயமா என்று கேட்டால், கொஞ்சம் தெரிந்திருக்கவேண்டும். கட்டுநாயக்கச் சுதந்திர வர்த்தக வலயத்தில் ஒரு இலத்திரனியல் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் எட்டு வருடம் சோதனைப் பகுதியில் வேலை செய்துவிட்டு வந்தவள் நான். அங்கே பகுதிப் பொறுப்பாக இருந்தவர் குருணாகலைச் சேர்ந்த ஒரு சிங்கள அக்கா. பாஸான சாமானைக் கொண்டுபோய்க் காட்டினால் பார்க்கவே மாட்டார். "செத்ததைக் கொண்டு வா, எப்படிச் செத்தது என்று சொல்" என்பார். பாஸ் ஆகும்வரை சோதிக்காதே, பழுதாகும்வரை சோதி என்பது அவருடைய சட்டம். எட்டு வருடம் அதைக் கேட்டவள், சொந்தமாகத் தொழில் தொடங்கியதும் ஒரு வாளியோடு கேசரி கிண்டிவிட்டேன். சொந்தச் சாமான் என்று வந்தவுடன் கை அதைச் சாகடிக்க மறுக்கிறது.

அந்த அக்கா சொல்லித்தந்த இன்னொரு கணக்கையும் மறந்திருந்தேன். நூற்றில் பத்து பழுதாகும் சரக்கு என்று வையுங்கள். அதில் கண்ணை மூடிக்கொண்டு பத்தை எடுத்துச் சோதித்தால், பத்தும் நல்லதாக வருவதற்கு மூன்றில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. நூற்றில் 25 பழுதாகும் கேவலமான சரக்கானாலும், பதினெட்டுத் தடவையில் ஒரு தடவை பத்தும் தேறும். கல்குலேற்றரில் 0.9ஐப் பத்துத் தடவை பெருக்கிப் பாருங்கள், 0.35 வரும். 22 லைற்றைச் சோதித்து 22உம் தேறினால்தான், பழுது நூற்றில் பத்துக்குக் குறைவு என்று ஓரளவு தைரியமாக, பத்துக்கு ஒன்பது பங்கு நம்பிக்கையோடு, சொல்லலாம். பழுது நூற்றில் ஐந்துக்குக் குறைவு என்று அதைவிட உறுதியாகச் சொல்வதென்றால் 59 வேண்டும், ஒன்றும் தோற்காமல். சின்ன வேலைத்தளத்துக்கு 59 சாமானைச் சோதனையில் சாகக் கொடுப்பது கட்டாது, எனக்குத் தெரியும். கட்டாவிட்டால் அந்த உறுதியைப் பெட்டியில் அடிக்காமல் விடலாமே.

பிறகு என்ன செய்தோம் என்பதையும் எழுதுகிறேன், எவராவது பாவிக்கக்கூடும். லைற்றுகளைக் காலை பத்து மணி முதல் தகரத்தில் வெயிலில் போடுவோம். மத்தியானம் ஒரு பெரிய பிளாஸ்ரிக் தொட்டியில், கடல் தண்ணீரில் ஐஸ் கட்டி கொஞ்சம் போட்டு 20 பாகைக்குக் கொண்டுவந்து, சூட்டோடு தாட்டு ஒரு மணித்தியாலம். கடலைவிடக் கொஞ்சம் கொடுமையாக. எடுத்து மறுபடி தகரத்துக்கு. ஒரு நாளில் இரண்டு சுற்று. பழைய மொடலில் பத்தை வைத்தோம். ஐந்தாவது சுற்றில் ஏழில் தண்ணீர். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஆனால் அன்றைக்குத்தான் முதல் தடவையாக நான் ஒரு சோதனை செய்தேன்.

மூடிக்குள் இருந்த தட்டை றப்பர் வளையத்தை மாற்றி, மூடியில் பள்ளம் வெட்டி, உருண்டை வளையம் போட்டு, சிலிக்கன் கிறீஸ் பூசினோம். சேர்க்கிற்றின்மேல் எப்பொக்சி என்ற இறுகும் பசையை ஊற்றினோம், தண்ணீர் வந்தாலும் உடனே சாகாமல் இருக்க. 22 லைற், பத்துச் சுற்று. இரண்டில் தண்ணீர். மூடியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அச்சின் இரண்டு பாதியும் சேரும் இடத்தில் பிளாஸ்ரிக்கில் ஒரு மயிரிழை வரம்பு. அது சரியாக வளையம் இருக்கும் இடத்தைக் குறுக்கே வெட்டிப் போகிறது. 1,400 ரூபாச் சாமானையும் ஒருத்தரின் வலையையும் அந்த மயிரிழை தீர்மானித்திருக்கிறது. இப்போது ஒவ்வொரு மூடியிலும் அந்த இடத்தை உரைகடதாசியால் தேய்க்கும் வேலைக்கென்றே ஒரு பிள்ளை இருக்கிறா. அதன் பிறகு 22இல் ஒன்றும் தோற்கவில்லை.

பற்றரியைப் பிடிக்கும் ஸ்பிரிங் துருப்பிடிப்பது வேறு கதை. பழைய மீன் தொட்டியில் உப்புப் புகார் (உப்புத்தண்ணீரைப் பனிமூட்டம் மாதிரி) அடிக்கும் பெட்டி ஒன்று செய்துகொண்டோம். தொழிற்சாலைகளில் ஐ.எஸ்.ஓ. 9227 என்ற முறைப்படி லீற்றருக்கு 50 கிராம் உப்பு, 35 பாகை. எங்களுடையது அவ்வளவு ஒழுங்கில்லை. ஆனால் பழைய ஸ்பிரிங்கையும் புது ஸ்பிரிங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது முதலில் சிவக்கிறது என்று தெரிகிறது, எங்களுக்கு அது காணும். இத்தனை மணித்தியாலம் உப்புப் புகார் என்றால் இத்தனை வருடம் கடலில் இருந்ததற்குச் சமம் என்று ஒரு வியாபாரி எனக்குக் கணக்குச் சொன்னார். அப்படி ஒரு மாற்று விகிதம் கிடையாது. ஒப்பிடத்தான் அந்தப் பெட்டி, சாத்திரம் சொல்ல இல்லை.

மோட்டர் பெட்டியில் நான் செய்த முட்டாள்தனம் இதைவிடச் சுவாரசியமானது. அதற்குள் இருந்து மோட்டருக்கு மின்னை விட்டு வெட்டும் சுவிச்சான ரிலேயில் '10 அம்பியர்' என்று அடித்திருக்கும். அரைக் குதிரைவலு மோட்டர் ஓடும்போது மூன்று அம்பியர் அளவில்தான் இழுக்கும், ஆகவே தாராளம் என்று நினைத்தோம். ஆனால் மோட்டர் தொடங்கும் கணத்தில் ஓடும்போது இழுப்பதைப்போல ஐந்து, ஆறு மடங்கு இழுக்கும். அந்த 10 அம்பியர் ஹீற்றர் மாதிரி அமைதியான சுமைக்குச் சொன்ன கணக்கு. சில மாதத்தில் ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டன. தாங்கி நிரம்பியும் மோட்டர் நிற்கவில்லை. பாலையூற்றில் ஒரு வீட்டின் மேல்மாடி விறாந்தையெல்லாம் வெள்ளம்.

இதைச் சோதிக்கலாம் என்று ஒரு கணக்குப் போட்டேன். ஒரு வீட்டில் மோட்டர் நாளைக்கு நாலு தடவை தொடங்கினால் வருடத்துக்கு 1,460 தடவை. முப்பது செக்கனுக்கு ஒரு தடவை போட்டு நிறுத்தினால் பன்னிரண்டு மணித்தியாலத்தில் ஒரு வருடம் முடிந்துவிடும். சந்தோசமாக மாமாவின் மோட்டரை வாங்கிக்கொண்டு வந்து பூட்டினேன். இரண்டு மணித்தியாலத்தில் புகை. ரிலே நன்றாக இருந்தது. மாமாவின் மோட்டர் எரிந்துவிட்டது. தொடங்கும்போது ஏறும் சூடு ஆறுவதற்கு இடைவெளி விடாமல் மறுபடி மறுபடி தொடங்கினால் சுருள் கருகாமல் என்ன செய்யும்? அவசரப்படுத்தினால் சாமான் வீட்டில் சாகிற மாதிரிச் சாகாது, நாங்கள் சாகடிக்கிற மாதிரித்தான் சாகும். மாமாவுக்கு மோட்டரின் சுருளைப் புதிதாகச் சுற்றிக் கொடுத்தேன். பிறகு மோட்டரைத் தண்ணீரோடு ஓடவிட்டு, இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை, மோட்டரில் கை வைத்துப் பார்த்துப் பார்த்து. 1,460 தடவைக்கு இரண்டு இரவும் இரண்டு பகலும். பழைய ரிலேயில் மூன்று வைத்தோம், ஒன்றும் 1,000ஐத் தாண்டவில்லை. 30 அம்பியர் ரிலேக்கு மாறினோம். பெட்டிக்கு இருநூற்றைம்பது ரூபா கூடியது. அந்த இருநூற்றைம்பது ரூபாவைச் சேமித்துத்தான் நான் அதுவரை இலாபம் பார்த்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

சோதித்து ஒரு முறை தேறியதோடு அலுவல் முடிவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். பெரிய கம்பனி ஒரே இடத்தில் வருடக்கணக்கில் ஒரே பாகத்தை வாங்கும். நாங்கள் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் அன்றைக்கு எது இருக்கிறதோ அதை வாங்குகிறோம். அதே இலக்கம், அதே நிறம், உள்ளே வேறு சரக்கு. 105 பாகைச் சூடு வரை தாங்கும் என்று அடித்த கப்பாசிற்றர் (மின்னைச் சேர்த்து வைத்து விடும் சின்னப் பாகம்) ஒரு பார்சலில் கச்சான் காற்றுக் காலத்து வெயிலைத் தாங்கியது. அடுத்த பார்சலில் அதே எழுத்து, ஆனால் தலை வீங்கிப்போனது. சூடு பத்துப் பாகை கூடினால் கப்பாசிற்றரின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்வேலை செய்பவர்களின் பழைய கணக்கு. மேற்குச் சுவரில், கூரையில்லாமல், ஜூலை மாதத்து வெயிலில் எங்கள் பெட்டி தொங்குகிறது. ஆகவே ஒவ்வொரு பார்சலிலும் ஐந்தை எடுத்து, தகரப் பெட்டிக்குள் மின்குமிழ் போட்டுச் செய்த எங்கள் 'அடுப்பில்' ஒரு கிழமை வைக்கிறோம். இதைவிட மலிவான காவல் எனக்குத் தெரியாது.

சோதனை என்றால் படித்தவர்களின் வேலை என்று பின்வாங்குபவர்களுக்கு, எங்கள் பக்கத்தில் ஐஸ் பெட்டி செய்யும் அண்ணாவைக் காட்டுவேன். அவர் ஒவ்வொரு புது அச்சுக்கும் 10 கிலோ ஐஸ் போட்டு மூடி, முற்றத்தில் வைத்து, மூன்றாம் நாள் காலையில் தராசில் நிறுப்பார். மிச்சம் எத்தனை கிலோ என்று சுவரில் கரியால் எழுதி வைப்பார். சோதனை என்ற சொல்லையே அவர் பாவிப்பதில்லை. "நிறுத்துப் பாத்தனான்" என்பார். அந்தச் சுவர் திருகோணமலையில் எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த ஆய்வறிக்கை.

நாங்களும் இப்போது ஒவ்வொரு லைற்றுக்கும் உள்ளே இலக்கம் எழுதுகிறோம். கொப்பியில் யாருக்கு, எப்போது, எந்தப் பார்சல் பாகம் என்று இருக்கிறது. எல்லா லைற்றையும் விற்கமுதல் 48 மணித்தியாலம் மின்னவிட்டு வைக்கிறோம். சொல்டர் (ஈயப் பற்று) சரியில்லாதவை பெரும்பாலும் அந்த இரண்டு நாளுக்குள் செத்துப்போகும். எங்கள் மேசையில் சாவது நல்லது. என் தம்பியின் முச்சக்கரவண்டியில் பின் ஆசனத்துக்குக் கீழே எப்போதும் நாலு லைற் குலுங்கிக்கொண்டிருக்கும். ஏறுகிற சனம் என்ன இது மின்னுது என்று கேட்டால் அவன் விளம்பரம் செய்துவிடுவான்.

இனி நான் கேட்க வந்தது. முறையான சோதனை வேண்டுமென்றால் இலங்கைக் கட்டளைகள் நிறுவகம், கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம், ஏக்கலையில் உள்ள தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம் என்று இருக்கின்றன. எல்லாம் மேல் மாகாணத்தில். அங்கே போய்ச் சான்றிதழ் எடுப்பது ஒரு கட்டத்தில் தேவைதான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நான் எழுதியவற்றைப் பாருங்கள்: பத்தில் ஏழு, 22இல் இரண்டு, மறுபடி 22. ஒரு மூடியைத் திருத்த மூன்று தடவை சோதிக்கவேண்டும். ஒவ்வொரு தடவையும் 260 கிலோமீற்றர் தாண்டி இரவு ரயிலில் லைற்றைக் கட்டிக்கொண்டு போகமுடியாது. சான்றிதழுக்கான சோதனை வேறு, செய்துகொண்டிருக்கும்போது பிழை பிடிக்கும் சோதனை வேறு. பிழை பிடிக்கும் சோதனை எங்களுக்குக் கிட்ட இருக்கவேண்டும், மலிவாக இருக்கவேண்டும், பழுதானால் வெட்கப்படாமல் இருக்கவேண்டும்.

திருகோணமலையில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. நிலாவெளிப் பக்கம் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது. இவற்றில் எங்காவது இருபதுக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு அறை போதும். சூட்டை நிறுத்திப் பிடிக்கும் ஒரு அடுப்பு, ஆழமான தொட்டி ஒன்று, உப்புப் புகார்ப் பெட்டி, வோல்ற்றைக் கூட்டிக் குறைக்கும் ஒரு ட்ரான்ஸ்போமர். கடைசியாகச் சொன்னது ஏனென்றால், குச்சவெளியில் லைனின் கடைசி வீட்டில் இரவு எட்டு மணிக்கு நான் அளந்தபோது 182 வோல்ற் இருந்தது. 230இல் மட்டும் சோதித்த பெட்டி அங்கே தடுமாறியது. தேங்காய் துருவும் மெசின் செய்பவர், கேற் மோட்டர் பூட்டுபவர், பைபர் போட் கட்டுபவர் எல்லோரும் அதைப் பாவிக்கலாம். படிக்கிற பிள்ளைகளுக்குப் பயிற்சி. எங்களுக்கு, சாமானைச் சாகடிக்கக் கை கூசாத வேறொருவரின் கண். கண்காட்சியில் கூடாரம் போட்டு எங்களுக்கு மாலை போடும் செலவில் ஒரு வருடத்துக் காசை இதற்கு ஒதுக்கினால் காணும் என்று நினைக்கிறேன்.

அறை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தகரமும் தொட்டியும் அடுப்பும் சும்மாதான் இருக்கின்றன. சின்ன வேலைத்தளக்காரர் எவரும் சாமானைக் கொண்டுவரலாம். மோட்டரை மட்டும் சொந்தமாகக் கொண்டுவாருங்கள்.

ஸ்ரிக்கரையும் மாற்றிவிட்டோம். 'வெயிலில் சூடாக்கிக் கடல் தண்ணீரில் தாட்டுச் சோதித்தது 10 தடவை, 22 லைற். ஆழத்தில் சோதிக்கவில்லை. ஒரு பருவத்துக்குள் பழுதானால் மாற்றித் தருவோம்' என்று இருக்கிறது. கடைக்காரர் ஒருவர், இப்படி எழுதினால் ஒருத்தரும் வாங்கமாட்டார்கள் என்றார். அவர் சொன்னது பாதி சரி, முதல் மாதம் விற்பனை குறைந்தது.

மூதூர் நானாவுக்குப் புது லைற் ஆறு கொண்டுபோனேன், காசில்லாமல். ஐந்தைத் திருப்பித் தந்துவிட்டார். ஒன்றை மட்டும் எடுத்து, தன்னிடமிருந்த வெளிநாட்டு லைற்றோடு சேர்த்து ஒரே கொடிக்கம்பில் கட்டினார். "ரெண்டும் ஒண்டாக் கெடக்கட்டும் தங்கச்சி. எது முதல்ல அணையிதெண்டு பாப்பம்." போன வெள்ளிக்கிழமை போன் எடுத்துக் கேட்டேன். நாற்பத்தோராவது இரவு, இரண்டும் மின்னுதாம்.

இப்படிக்கு,
வலை லைற் செய்யும் ஒருத்தி,
திருகோணமலை.